கைப்பேசிச் சங்கிலி: கோபுரம் ஓய்ந்த நாளில் ஊருக்கு ஊர் செய்தி

செம்பரம்பாக்கம் ஏரியில் உபரி நீர் திறக்கப்படும்போதெல்லாம் விடுக்கப்படும் எச்சரிக்கையில் சில ஊர்ப் பெயர்கள் தவறாமல் இடம்பெறும். சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், வழுதலம்பேடு, திருமுடிவாக்கம், திருநீர்மலை என்பன அவை. ஏரியிலிருந்து வெளியேறும் நீர் அடையாற்றை நோக்கிச் செல்லும் வழியில் இவ்வூர்கள் அமைந்துள்ளன. மதகு திறந்த செய்தி நீருக்கு முன்னால் இவ்வூர்களைச் சென்றடைய வேண்டும். பின்னால் வந்து சேரும் எச்சரிக்கையால் யாருக்கும் பயன் இல்லை.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த பெருமழையை நம் பகுதியில் மறந்தவர் இலர். 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள அந்த ஏரியிலிருந்து அன்று வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. அதே வேளையில் மின்சாரம் நின்றது. கைப்பேசிக் கோபுரங்களின் பாட்டரிகள் சில மணி நேரத்தில் தீர்ந்தன. டீசல் ஜெனரேட்டர் இருந்த இடங்களில் சில நீரில் மூழ்கின. சிலவற்றிற்கு டீசல் கொண்டு செல்ல வழியில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் பல பகுதிகளில் ஏறத்தாழ இதே நிலையைக் கண்டோம். ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசி இருந்தது. அதில் சார்ஜும் இருந்தது. ஆயினும் அடுத்த தெருவிற்கு ஒரு சொல் அனுப்ப முடியவில்லை.

இது ஏன் என்பதை முதலில் விளங்கிக் கொள்ளுதல் நலம். பத்தடி தூரத்தில் நிற்கும் இருவர் கைப்பேசியில் பேசினாலும் அப்பேச்சு நேராக ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போவதில்லை. கோபுரத்திற்குப் போய், அங்கிருந்து கம்பி வழியாகவோ கண்ணாடி இழை வழியாகவோ நிலையத்தை அடைந்து, மீண்டும் கோபுரம் வழியாகத்தான் திரும்பி வருகிறது. கோபுரம் ஓய்ந்தால் இருவரும் ஊமையாகி விடுகிறார்கள். எனினும் அதே கைப்பேசிக்குள் கோபுரத்தின் தயவை நாடாத வேறு இரண்டு வானொலிச் சாதனங்கள் உள்ளன. ஒன்று புளூடூத், மற்றொன்று வை-பை. பாட்டுக் கேட்கும் காதுக்கருவியை இணைப்பதற்கும், ஒரு படத்தைப் பக்கத்திலுள்ளவருக்கு அனுப்புவதற்கும் இவற்றை நாம் அன்றாடம் உபயோகிக்கிறோம். இவை எட்டும் தூரம் குறைவு. வீட்டுச் சுவர்களுக்கிடையே புளூடூத் பத்து மீட்டர் போனாலே அதிகம். திறந்த வெளியில் முப்பது மீட்டரும் அதற்கு மேலும் செல்லும்.

இக்குறுகிய தூரத்தைக் கொண்டே நெடுந்தூரம் செல்ல ஒரு வழி உண்டு. முதல் கைப்பேசி அனுப்பியதை இரண்டாவது வாங்கி மூன்றாவதற்குச் சொல்ல, மூன்றாவது நான்காவதற்குச் சொல்ல, இவ்வாறு கைமாற்றிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு கைமாற்றத்தையும் ஒரு தாவல் என்போம். தீயணைக்க வரிசையாக நின்று குடம் கைமாற்றுவதைப் போன்றது இது. ஆனால் இங்கே வரிசை என்று ஒன்று கிடையாது. கைப்பேசிகள் ஊரெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஏந்தியவர்களும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். ஆகவே யாருக்கு அடுத்தவர் யார் என்று முன்கூட்டியே வகுக்க இயலாது. இதற்குக் கையாளப்படும் முறை மிக எளிது. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாள எண்ணும், எத்தனை தாவல் போகலாம் என்ற எண்ணும் இடப்படுகின்றன. செய்தியைக் கேட்ட கைப்பேசி தாவல் எண்ணில் ஒன்றைக் குறைத்து, தன்னைச் சுற்றியுள்ள எல்லாவற்றிற்கும் ஒரு முறை உரக்கச் சொல்லிவிடும். அதே அடையாள எண் மறுபடி காதில் விழுந்தால் வாளாவிருக்கும். தாவல் எண் பூஜ்யமானால் செய்தி அங்கே நின்றுவிடும். இவ்விரு எண்களும் இல்லாவிடில் ஒரே செய்தி ஊருக்குள் ஓயாமல் சுற்றிச் சுற்றி வந்து வேறு எச்செய்திக்கும் இடமில்லாமற் செய்துவிடும்.

இம்முறை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2014-ஆம் ஆண்டில் ஹாங்காங் நகரத்துப் போராட்டங்களில் பயர்சாட் என்ற செயலியைப் பெருந்திரளான மக்கள் இவ்வகையில் பயன்படுத்தினர். அச்செயலி இன்று வழக்கில் இல்லை. 2019-இல் அதே நகரில் பிரிட்ஜிஃபை என்பது பரவியது. 2025-இல் பிட்சாட் என்ற செயலி வெளிவந்தது. அதில் ஒரு செய்தி புளூடூத் வழியாக ஏழு தாவல் வரை செல்லும்.

ஏழு தாவல் என்றதும் சிலர் மகிழ்வர். நாம் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாவலுக்கு முப்பது மீட்டர் என்று தாராளமாகக் கொண்டாலும் ஏழு தாவலுக்கு 210 மீட்டர்தான். இது ஒரு தெருவின் நீளம். ஏரிக்கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓர் ஊருக்கு முப்பது மீட்டர் தாவலில் செய்தி போக வேண்டுமானால் 334 தாவல்கள் தேவை. தாவல் வரம்பை நீக்கிவிட்டால் ஆகாதா என்று கேட்கலாம். ஒவ்வொரு தாவலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை தவறாமல் நடக்கும் என்றே வைத்துக்கொள்வோம். ஒற்றைச் சங்கிலியில் 334 தாவலையும் கடந்து செய்தி மறுமுனையை அடைவது நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு தடவையே. அதே பத்துக் கிலோமீட்டரை நான்கு நீண்ட தாவல்களில் கடக்க முடியுமானால், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு தடவை போய்ச் சேரும். இந்த ஒரு கணக்கை மனத்தில் இருத்திக் கொண்டால் இவ்விஷயத்தில் பாதி விளங்கிவிடும்.

மற்றப் பாதி, நெருக்கத்தைப் பற்றியது. கூரை வீடுகள் நிறைந்த தெருவில் தீப்பிடித்தால் பொறி எட்டும் தூரத்தில் அடுத்த கூரை இருந்தால்தான் தீ பரவும்; இடைவெளி சற்று மிகுந்தால் நாலைந்து வீட்டோடு நின்றுவிடும். கைப்பேசிச் செய்தியும் அப்படியே. சிதறிக் கிடக்கும் கைப்பேசிகள் தனித்தனிச் சிறு கூட்டங்களாக நிற்காமல் ஒரே பெரிய வலையாக இணைவதற்கு, ஒவ்வொன்றின் எட்டும் தூரத்திற்குள்ளும் சராசரியாக ஏறத்தாழ நாலரை கைப்பேசிகள் இருக்க வேண்டும் என்று கணித அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். மூன்று இருந்தால் வலை துண்டு துண்டாகக் கிடக்கும். ஐந்து, ஆறு என்று ஏறினால் திடீரென்று ஊர் முழுவதும் ஒன்றாகிவிடும். படிப்படியாக முன்னேற்றம் தெரியும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

முப்பது மீட்டர் எட்டும் என்று கொண்டால் இந்த அளவிற்குச் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 1,600 கைப்பேசிகள் செயலியுடன் விழித்திருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஆவடியில் 3,45,996 மக்கள். பரப்பு ஏறத்தாழ 65 சதுர கிலோமீட்டர். அதாவது சதுர கிலோமீட்டருக்கு ஐயாயிரத்துக்குச் சற்று மேல். அக்கணக்கில் பத்துப் பேரில் மூவர் சேர்ந்தால் வலை பிடிக்கும். அம்பத்தூரில் நெருக்கம் இன்னும் மிகுதியாதலின் இன்னும் எளிது. கிராமத்திலோ ஊர் நத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இருநூறு வீடுகள் பத்து ஹெக்டேரில் அமைந்த ஒரு நத்தத்திற்கு 160 கைப்பேசிகள் வேண்டும். அதாவது ஐந்து வீட்டிற்கு நான்கு. இது கூடாத காரியமன்று. ஆனால் சுவர் மறைத்து எட்டும் தூரம் பாதியாகக் குறைந்தால் தேவைப்படும் எண்ணிக்கை இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. நத்தம் முடிந்து வயல் தொடங்கியதும் எல்லாக் கணக்கும் பொய்த்துவிடும். மழை நாளில் நடவு வயலில் முப்பது மீட்டருக்கு ஒருவர் கைப்பேசியுடன் நிற்கப் போவதில்லை அல்லவா!

ஆகவே நம் பகுதிக்கு ஏற்ற முறை இரண்டடுக்கு முறையே என்பது நமது துணிபு. ஊருக்குள் கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்கு. ஊருக்கும் ஊருக்கும் இடையே சில நீண்ட தாவல்கள்.

நீண்ட தாவலுக்கு லோரா என்ற வானொலி முறை கைகொடுக்கிறது. மிகக் குறைந்த மின்சக்தியில், மிக மெதுவாகப் பேசி, அதனாலேயே பல கிலோமீட்டர் எட்டுவது இதன் தன்மை. இம்முறையில் இயங்கும் உள்ளங்கையளவுக் கருவிகள் கிடைக்கின்றன. அவற்றைத் தம்மிடையே செய்தி கைமாற்றச் செய்யும் மெஷ்டாஸ்டிக் என்ற இலவச மென்பொருளும் 2020 முதல் வழக்கில் உள்ளது. நமது நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையைக் குறிப்பிட்ட சக்தி வரம்பிற்குள் உரிமம் இன்றியே உபயோகிக்க அனுமதி உண்டு; கருவி மட்டும் அங்கீகாரம் பெற்றதாக இருத்தல் வேண்டும். உயரத்தில் வைத்தால்தான் இது நன்கு எட்டும். நம் கிராமங்களில் எல்லாவற்றினும் உயர்ந்து நிற்பது மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. ஒரு தொட்டியின் மேல் நின்று பார்த்தால் அடுத்த ஊர்த் தொட்டி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்தால் வானொலிக்கும் தெரியும் என்று ஏறக்குறைய கொள்ளலாம். சிறிய சூரிய ஒளித் தகடும் ஒரு பாட்டரியும் உடன் வைத்தால் மின்வாரியத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. தொட்டியை இயக்குபவர் குளோரின் கலக்க எப்படியும் மேலே ஏறுகிறவர். தகட்டின் மேல் படிந்த தூசியைத் துடைப்பது அவருக்குப் பெரிய வேலையாகாது.

கீழே தொட்டியடியில் நிற்பவர் தம் கைப்பேசியைப் புளூடூத் மூலம் தமது சிறு கருவியுடன் இணைத்துச் செய்தியை அனுப்பலாம். கவனிக்க வேண்டியது செய்தியின் நீளம். ஒரு தடவையில் ஏறத்தாழ 200 பைட் மட்டுமே போகும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழிலோ அடிப்படை எழுத்தோ அதனுடன் சேரும் புள்ளியோ உயிர்மெய்க் குறியோ ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். ‘ஏரி மதகு திறப்பு. தாழ்வான பகுதியினர் பள்ளிக்கூடம் செல்க’ என்ற இவ்வொரு வரியே 151 பைட் ஆகிறது. வணக்கம், நலம் என்று தொடங்கினால் விஷயத்திற்கு இடமிராது. 2013-ஆம் ஆண்டு ஜூலையில் நின்றுபோன தந்திச் சேவையில் வாழ்த்துகளுக்கு எண் வகுத்திருந்தது மூத்தோருக்கு நினைவிருக்கும். எண்ணை எழுதிக் கொடுத்தால் போதும், மறுமுனையில் முழு வாக்கியமும் கிடைக்கும். அதே வழியை ஊராட்சியும் பின்பற்றலாம். மதகு திறப்பு, கரையில் கசிவு, படகு தேவை, பிரசவ வலி, மருந்து தேவை, பாலத்தின் மேல் நீர் ஆகியவற்றிற்கு ஒவ்வோர் எண் வகுத்து, அப்பட்டியலை ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் பள்ளியிலும் ஒட்டி வைத்தல் நலம்.

நீளத்தைப் போலவே கூட்டமும் இவ்வலைக்கு எதிரி. எல்லாக் கருவிகளும் ஒரே அலைவரிசையில் முறை போட்டுப் பேச வேண்டியிருப்பதால் ஒருவர் பேசும்போது அருகிலுள்ளவர் காத்திருக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்கா சென்ற பேராசிரியர் பி. ஆர். குமாரும் பியூஷ் குப்தாவும் 2000-ஆம் ஆண்டில் இதற்குக் கணித வரம்பு கண்டனர். வலையில் சேர்வோர் நூறு மடங்காகப் பெருகினால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும் என்பது அதன் சாரம். ஆகவே படமும் பாட்டும் பேச்சும் இவ்வலைக்கு ஆகா. எழுத்துச் செய்தி மட்டுமே. அதுவும் உயிர்க்கும் உடைமைக்கும் உரியது மட்டுமே.

தொட்டியும் இல்லாத, கைப்பேசி நெருக்கமும் இல்லாத களத்து வீடுகளுக்கு என்ன செய்வது? செய்தி தாவ முடியாத இடத்தில் அதைச் சுமந்து செல்லலாம். கர்நாடகத்தில் தொட்டபள்ளாப்பூர் தாலூகாவில் இருபதாண்டுகளுக்கு முன் டாக்நெட் என்ற ஏற்பாட்டைச் சோதித்தனர். பேருந்தில் ஒரு வை-பை கருவியைப் பொருத்தினர். அது ஊர்தோறும் நிற்கும் சில நிமிடங்களில் அங்குள்ள கணிப்பொறியிலிருந்து நிலப்பதிவு விண்ணப்பங்களை வாங்கிக்கொண்டு, தாலூகா நகரை அடைந்ததும் இறக்கிவிட்டது. கைப்பேசிச் செயலிகள் சிலவற்றிலும் இவ்வாறு செய்தியைச் சேமித்து வைத்து, புதியவர் எதிர்ப்படும்போது ஒப்படைக்கும் வசதி உண்டு. வெள்ளத்திலும் வரும் பால் வண்டி, படகில் செல்லும் தீயணைப்பு வீரர், மாடு தேடிப் போகும் இளைஞர் யாவரும் இவ்வகையில் தபால்காரர் ஆகலாம். சில மணி நேரம் தாமதமாகலாம். மருந்துப் பட்டியலுக்கும் ஆள் கணக்கிற்கும் அத்தாமதம் பொறுக்கத் தக்கதே.

செய்தி ஊர் எல்லைக்கு வந்துவிட்டால் வேலை முடிந்ததாகக் கருதலாகாது. கைப்பேசி இல்லாத கிழவிக்கும், அதைத் தலைமாட்டில் வைத்து உறங்குபவருக்கும் அது சேர வேண்டும். புதுச்சேரிப் பகுதியில் 1998 முதல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து, வானொலி மூலமும் தொலைபேசி மூலமும் சிற்றூர்களின் தகவல் மையங்களை இணைத்தது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் வாசித்தனர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று நல்லவாடு மீனவ கிராமத்திற்குச் சிங்கப்பூரிலிருந்து அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் ஆழிப்பேரலை பற்றி எச்சரித்தார். தகவல் மையத்து ஒலிபெருக்கி உடனே முழங்கியது. மக்கள் வீடுகளை விட்டு ஓடிப் பிழைத்தனர். எண்ணிப் பார்த்தால் இரண்டே தாவல்கள். முதல் தாவல் கடல் கடந்தது, இரண்டாவது ஊரின் அகலம் அளவே. இரண்டாவது இல்லையேல் முதலாவது வீண். தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிட்டு ஒலிபெருக்கியைக் கொள்ளுமாறு 2022-இல் நமது அரசு அறிவுறுத்தியது. அதன்படி வாங்கிய ஒலிபெருக்கி மின்சாரம் இல்லாதபோதும் பாட்டரியில் இயங்குகிறதா என்று பார்த்து வைப்பது நல்லது.

இனி, எச்சரிக்கைகள் சில. செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது என்ற வதந்தி 2015-இல் எப்படிப் பரவியது என்பது தெரிந்ததே. யாரும் எதையும் சொல்லக்கூடிய வலையில் பொய்யும் அதே வேகத்தில் தாவும். எனவே ஊராட்சியின் செய்தியை அனுப்பும் உரிமை இரண்டு அல்லது மூன்று பேரிடம், ரகசியத் திறவுகோலுடன் இருத்தல் வேண்டும். அவர்கள் பெயரில் வராததை ஒலிபெருக்கியில் வாசித்தல் கூடாது. மேலும், செயலியின் பாதுகாப்பையும் விளம்பரத்தை மட்டும் நம்பி ஏற்கலாகாது. பிரிட்ஜிஃபையில் கடுமையான ஓட்டைகள் இருப்பதை 2020-இல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் வெளிப்படுத்தினர். கோபுரமின்றி இயங்கும் பிரையர் என்ற செயலியோ 2023-இல் மத்திய அரசு தடை செய்த பதினான்கு செயலிகளில் ஒன்று. ஆதலால் மாவட்டப் பேரிடர் மேலாண்மை அலுவலகத்தைக் கலந்துகொள்ளாமல் எச்செயலியையும் ஊருக்குப் பரிந்துரைக்க வேண்டாம். கோபுரம் இயங்கும்வரை 1077 என்ற எண்ணும், அரசின் டி.என். அலர்ட் செயலியுமே முதல் வழி. இச்சங்கிலி அவற்றிற்கு மாற்று ஆகாது. அவை ஓய்ந்தபின் எஞ்சுவது.

செயலியை வெள்ளம் வந்தபின் இறக்கிக்கொள்ள முடியாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதை எடுத்துச் சொல்லி, அக்டோபர் 2 கிராம சபைக்குள் ஒத்திகை பார்த்துவிட்டால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் குறைகளைச் சரிசெய்யக் கால அவகாசம் கிடைக்கும். ஒத்திகைக்குப் பெருஞ்செலவு இல்லை. எல்லோரும் கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றிப் புளூடூத்தை மட்டும் திறந்து வைக்கட்டும். பல கைப்பேசிகள் பாட்டரியை மிச்சப்படுத்தும் பொருட்டுப் பின்னணியில் இயங்கும் செயலியைத் தூங்க வைத்துவிடும். அவ்வமைப்பை ஒவ்வொன்றிலும் மாற்ற வேண்டும். உயர்நிலைப் பள்ளி மாணவர் இருவர் இருந்தால் ஒரு பிற்பகலில் முடித்துவிடுவர். பிறகு ஊர்க் கோடியிலிருந்து ஒரு செய்தி அனுப்பி, எந்தெந்த வீட்டிற்கு வந்தது, எத்தனை நிமிடத்தில் வந்தது, எந்தத் தெருவில் அறுந்தது என்று நத்தம் வரைபடத்தில் குறித்துக் கொள்ளலாம். அறுந்த இடத்தில் கோயிலோ, அங்கன்வாடியோ, பம்ப் செட் கொட்டகையோ இருக்கும். அங்கே ஒரு பழைய கைப்பேசியை நிரந்தரமாகச் சார்ஜில் போட்டு வைத்தால் அத்தெரு ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் நின்றபின் அதன் பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதையும் அதே வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வைக்க வேண்டும். தொட்டியிலிருந்து தொட்டிக்குப் போகும் தாவலை மட்டும் மழை பெய்யும் நாளிலும் ஒரு முறை சோதித்தல் அவசியம். வெயிலில் எட்டிய தூரம் நனைந்த தென்னந்தோப்பின் ஊடே அப்படியே எட்டும் என்பதற்கு உறுதியில்லை.